என் ரூம்ல ஒரு ரேக் வைக்க நான் யார்கிட்ட பர்மிஷன் கேக்கணும்?

மேடம் வணக்கம். எனக்கு 49 வயசு, சென்னை கொளத்தூர் பக்கம் ஃபிளாட், ஐடில 26 வருஷ சர்வீஸ். மனைவி வீட்ல இருக்காங்க, சாயங்காலம் பசங்களுக்கு டியூஷன் எடுப்பாங்க. பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிருக்கா, பையன் எட்டாவது. பெரிய பிரச்சனைன்னு சொல்ல மாட்டேன், ஆனா மூணு மாசமா வீட்ல நிம்மதி இல்ல, எல்லாம் ஒரு ரேக்கால.

எங்கிட்ட பழைய கம்ப்யூட்டர் கலெக்‌ஷன் இருக்கு. குப்பைன்னு நினைச்சுடாதீங்க. பிபிசி மைக்ரோ ஒண்ணு, ஸ்பெக்ட்ரம் ப்ளஸ் ஒண்ணு, பச்சை எழுத்து மானிட்டரோட ஒரு எக்ஸ்டி, ஒரு 286, ரெண்டு டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர், அப்புறம் கேசட்டும் ஃப்ளாப்பியும் பெட்டி பெட்டியா. 15 வருஷமா ரிச்சி ஸ்ட்ரீட், பழைய ஸ்கூல் சாமான் ஏலம், காயலான் கடைன்னு அலைஞ்சு சேர்த்தது. பாதி கட்டிலுக்கு அடியில, பாதி லாஃப்ட்ல. இதையெல்லாம் என் ஆபீஸ் ரூம்ல ஒழுங்கா அடுக்கணும், சுவிட்ச் போட்டா ஓடற மாதிரி இருக்கணும், அவ்வளவுதான் என் ஆசை. இது தப்பா?

ரூம் 10க்கு 9தான். 2020 லாக்டவுன்ல இருந்து அதுதான் என் ஆபீஸ். நான் அளவெல்லாம் எடுத்து பிளான் போட்டாச்சு. கார்பென்டர் சொன்ன 12 இஞ்ச் ஷெல்ஃப் ஆகாது, பழைய பிக்சர் ட்யூப் மானிட்டருக்கு பின்னாடி கூம்பு நீளும், 16 இஞ்சாவது ஆழம் வேணும், வெயிட்டும் ஜாஸ்தி, அதனால ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக்தான் சரி. மேற்கு ஜன்னல் வெயில் நேரா பட்டா அந்தக் காலத்து பிளாஸ்டிக் மஞ்சளாயிடும், அதனால எதிர் சுவர். ஆபீஸ் லேப்டாப், டாக், ரெண்டு மானிட்டர் எல்லாம் பிப்ரவரில அவ ஊருக்குப் போயிருந்தப்போ கூரியர்ல திருப்பி அனுப்பியாச்சு, அதனால டேபிள் ஃபுல்லா காலிதான், பிபிசி மைக்ரோவை அங்க வச்சுடலாம், அவளுக்குத் தெரியாது, சொன்னா தேவையில்லாம டென்ஷன் ஆவா. பிரின்டருக்கு கீழ் தட்டு.

இவ்வளவு யோசிச்சு வச்சிருக்கேன், அவ ஒரே வார்த்தைல வேண்டாங்கறா. கேட்டா, "கிளையன்ட் மீட்டிங்ல உங்க பின்னாடி இந்த ஓட்டை டிவியெல்லாம் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க"ங்கறா. என் மீட்டிங், என் கேமரா, இவளுக்கு என்ன? அடுத்தது, ஜூன்ல மாமியாருக்கு கண்புரை ஆபரேஷன், ஒரு பத்து நாள் அந்த ரூம்ல படுக்க வைக்கலாமாம். "ஆபீஸ் இன்சூரன்ஸ்லதான் அம்மாவையும் சேர்த்திருக்கீங்களே, செலவு ஒண்ணும் இல்ல"ன்னு வேற சொல்றா. எல்லாருக்கும் இந்த வீட்ல இடம் இருக்கு, எனக்கு மட்டும் இல்ல.

போன மாசம் பிபிசியை ஆன் பண்ணினேன். பவர் சப்ளைல ரிஃபான்னு ஒரு கெபாசிட்டர் இருக்கும், வருஷம் ஆக ஆக உறை விரிசல் விட்டு ஈரம் ஏறி, கரண்ட் குடுத்ததும் குபுகுபுன்னு புகை வரும். இந்த மெஷின் வச்சிருக்கறவன் எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், பார்ட் மாத்தினா முடிஞ்சுது. ஆனா அன்னிக்கு அவ வந்து கதவைத் தட்டின தட்டு, கத்தின கத்து, பக்கத்து ஃபிளாட்காரங்க எல்லாம் வெளிய வந்துட்டாங்க. நான் ரூமை உள்ள பூட்டிட்டுதான் இருப்பேன், வெளிய வந்தாலும் பூட்டிடுவேன், தூசி தட்டறேன்னு வந்து எதையாவது உடைச்சுடுவான்னுதான்.

உடைக்க மாட்டாளான்னு கேக்காதீங்க. 2019ல வீட்டுக்கு பெயின்ட் அடிச்சப்போ என் 286ஐ எங்கிட்ட சொல்லாம லாஃப்ட்ல ஏத்திட்டா. அந்த போர்டுல கடிகாரம் ஓட ஒரு சின்ன நிக்கல் காட்மியம் பேட்டரி சாலிடர் பண்ணியிருப்பாங்க. மார்ச்ல இறக்கிப் பாத்தா அது கசிஞ்சு பச்சை பச்சையா பூத்து காப்பர் லைனை அரிச்சிருக்கு. அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷத்துல பேட்டரியை வெட்டி எடுத்திருப்பேன். சொல்லல. போர்டு போச்சு. இதுக்கு ஒரு சாரி கூட இல்ல.

நான் குடிக்கறதில்ல, ஊர் சுத்தறதில்ல. காலைல 9 மணிக்கு ரூமுக்குள்ள போனா சாயங்காலம் 6 மணிக்குத்தான் வருவேன். 1ஆம் தேதி ஆனா வீட்டுச் செலவுக்கு அவ அக்கவுண்ட்ல பணம் விழுந்துடும், இன்னி வரைக்கும் ஒரு நாள் தவறல. அப்படியும் வெளிய தண்ணி குடிக்க வந்தா "இன்னிக்கு மீட்டிங் இல்லையா, இன்னிக்கு மீட்டிங் இல்லையா"ன்னு நோண்டல்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது ஸ்கூல்ல பிபிசி மைக்ரோ வந்துச்சு. செருப்பை வெளிய கழட்டிட்டு ஏசி ரூமுக்குள்ள போகணும், வாரத்துக்கு ஒரு பீரியட், மெஷினுக்கு மூணு பேர். எனக்கு எல்லாம் அங்கதான் ஆரம்பிச்சுது. இங்கிலாந்துல பிளெட்ச்லி பார்க்ல இதே மெஷினை மியூசியம்ல வச்சிருக்காங்க மேடம். என் வீட்ல "அந்த இரும்பை எடுத்துப் போடுங்க"ங்கறாங்க. இவளுக்கு எப்படிப் புரிய வைக்கறது? ஒரு மனுஷனுக்கு சொந்த ரூம்ல ஒரு ரேக் வைக்க உரிமை இல்லையா?

*

சார் வணக்கம்.

மொதல் தடவை படிச்சப்போ உங்க பக்கம்தான் இருந்தேன். 15 வருஷம் ஒரு மனுஷன் ஆசையா சேர்த்ததை கட்டிலுக்கு அடியில தள்ளி வைக்கறது எனக்கும் பிடிக்காது. ரெண்டாவது தடவை படிக்கும்போது டேபிள் விஷயத்துல வந்து நின்னுட்டேன், அதுக்கு மேல படிக்க முடியல.

லேப்டாப்பைத் திருப்பி அனுப்பியாச்சு, டேபிள் காலி, அவளுக்குத் தெரியாது. ரேக் ஆழம் எத்தனை இஞ்சுங்கறதுக்கும் பிரின்டர் எந்தத் தட்டுங்கறதுக்கும் நடுவுல, வேலை போன சேதியை மடிச்சு வச்சிருக்கீங்க. 'வேலை போச்சு'ங்கற வார்த்தை உங்க லெட்டர்ல ஒரு இடத்துல கூட வரல. ஒருவேளை நான்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டேனோ, கம்பெனி மாறியிருப்பாரோன்னு கூட யோசிச்சேன். மாறியிருந்தா புது லேப்டாப் வந்திருக்கும், டேபிள் காலியா இருக்காது.

இப்ப நீங்க அடுக்கின குறையை எல்லாம் இதைத் தெரிஞ்சுக்கிட்டு ஒரு தடவை படிங்க. மீட்டிங்ல பின்னாடி ஓட்டை டிவி தெரிஞ்சா கிளையன்ட் என்ன நினைப்பான்னு கவலைப்படறாங்களே, அவங்க உங்க ஆசைக்கா குறுக்க நிக்கறாங்க? உங்க உத்தியோகத்துக்குக் காவல் நிக்கறாங்க சார், அது பிப்ரவரிலயே போயிடுச்சுன்னு தெரியாம. உங்களை மாதிரி வீட்லயே வேலை பாக்கறவங்க வீட்டுப் பெண்கள் நிறைய பேர் எங்கிட்ட பேசியிருக்காங்க, காலைல மீட்டிங் நேரத்துல மிக்ஸி கூட போட மாட்டோம்னு சொல்வாங்க. உங்க வீட்லயும் அப்படித்தான் இருக்கும்னு நினைக்கறேன். இல்லாத மீட்டிங்குக்காக அவங்க சட்னி அரைக்காம உக்காந்திருக்காங்க, நீங்க பூட்டின கதவுக்குப் பின்னாடி இருந்துக்கிட்டு எனக்கு இந்த வீட்ல இடம் இல்லைன்னு எனக்கு லெட்டர் எழுதறீங்க.

கசக்கும், ஆனா சொல்லித்தான் ஆகணும். இந்த விஷயத்துல நான் உங்க மனைவி பக்கம்.

புகை வந்த அன்னிக்கு அவங்க கத்தினதும் எனக்குத் தப்பாத் தெரியல. உங்களுக்கு அது ரிஃபா கெபாசிட்டர். வெளிய நிக்கறவங்களுக்கு, உள்ள பூட்டின ரூம், இடுக்குல புகை, கொஞ்ச நாளாவே முகம் சரியில்லாத புருஷன் உள்ள. அவங்க என்ன பயந்திருப்பாங்கன்னு யோசிச்சீங்களா?

இன்னொண்ணு. "இன்னிக்கு மீட்டிங் இல்லையா"ன்னு கேக்கறதை நோண்டல்னு எழுதியிருக்கீங்க. 6 வருஷமா உங்க மீட்டிங் குரலைக் கேட்டுக்கிட்டே வேலை பாத்த பெண்ணுக்கு, மூணு மாசமா அந்த ரூம்ல இருந்து பேச்சுச் சத்தமே வரலைங்கறது தெரியாம இருக்குமா? எனக்கென்னவோ அவங்களுக்கு பாதி தெரியும்னுதான் தோணுது. நீங்களா சொல்லட்டும்னு ஒரு வாசலைத் திறந்து வச்சு தினமும் கேக்கறாங்க, நீங்க தண்ணி குடிச்சுட்டு உள்ள போயிடறீங்க. பாதியும் தெரியலைன்னா அது இன்னும் மோசம். பொண்ணு காலேஜ், ஃபீஸ், எந்த கோர்ஸ், ஹாஸ்டலா வீடான்னு இந்த மே மாசத்துல அவங்க மனசுல போடற கணக்கு எல்லாம் இல்லாத ஒரு சம்பளத்தை வச்சு.

மாமியார் ஆபரேஷன் விஷயம் இதை விட அவசரம். கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் பொதுவா வேலையோட போயிடும், இது உங்களுக்குத் தெரியாததில்ல. ஜூன்ல அந்த அம்மாவை அட்மிட் பண்ணிட்டு, கவுன்ட்டர்ல உங்க மனைவி அந்த கார்டை நீட்டுவாங்க. செல்லாதுன்னு சொல்வான். உங்க வீட்டு விஷயத்தை உங்க மனைவிக்கு பில்லிங் கவுன்ட்டர்ல உக்காந்திருக்கற பையன் சொல்ல வேண்டி வரும். அது மட்டும் நடக்க விடாதீங்க சார், ப்ளீஸ். குரூப் பாலிசியைத் தனிப் பாலிசியா மாத்திக்க வழி உண்டு, அதுக்குக் கெடுவும் உண்டு, இன்னிக்கே பழைய கம்பெனி எச்ஆருக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்க.

நீங்க ஏன் சொல்லலைன்னு எனக்குப் புரியாம இல்ல. 1ஆம் தேதி பணம் விழறது ஒரு நாள் தவறலைன்னு எழுதியிருக்கீங்களே, அந்த வரில கர்வம் இல்ல, பயம்தான் இருக்கு. அது செட்டில்மென்ட் பணமா சேமிப்பான்னு எனக்குத் தெரியாது, எத்தனை 1ஆம் தேதிக்கு வரும்னு உங்களுக்குத் தெரியும். ராத்திரி தனியா அந்தக் கணக்கைப் போட்டுப் பாக்கறவருக்கு, பகல்ல ஒரு பழைய மெஷினைத் திறந்து எந்த பார்ட் போச்சுன்னு கண்டுபிடிச்சு மாத்தி ஓட வைக்கறது எவ்வளவு பெரிய ஆறுதல்னு எனக்குத் தெரியும். அந்த ஆறுதலை நான் பிடுங்கல. பழைய கம்ப்யூட்டரும் நீங்களும் ஒண்ணுன்னெல்லாம் வசனம் பேசவும் மாட்டேன், 26 வருஷம் வேலை பாத்தவரை கம்பெனி அனுப்பினா அதுல வெக்கப்பட வேண்டியது நீங்க இல்ல.

ஆனா நீங்க மியூசியம் பத்தி எழுதினதால கேக்கறேன். பிளெட்ச்லி பார்க்ல இருக்கற அந்த நேஷனல் மியூசியம் ஆஃப் கம்ப்யூட்டிங்ல பிபிசி மைக்ரோவை வரிசையா போட்டு, வர்ற பசங்களை உக்கார வச்சு டைப் அடிக்க விடறாங்க. உங்க ஸ்கூல்லயும் மெஷினுக்கு மூணு பேர் தோளோட தோள் இடிச்சுக்கிட்டு உக்காந்தீங்க. உங்க எட்டாவது படிக்கற பையன் அந்த கீபோர்டை ஒரு தடவையாவது தொட்டிருக்கானா? லெட்டர் பூரா அவனைப் பத்தி எத்தனாவது படிக்கறான்ங்கறதைத் தவிர எதுவும் இல்ல. நீங்க போட்ட பிளான்ல ரேக் இருக்கு, தட்டு இருக்கு, வெயில் படாத சுவர் இருக்கு, இன்னொருத்தர் உக்கார ஒரு ஸ்டூல் இல்ல.

அந்த 286 போர்டு. அவங்க கேக்காம லாஃப்ட்ல ஏத்தினது தப்புதான், சாரி சொல்லியிருக்கணும், அதை நான் ஒத்துக்கறேன். ஆனா "அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷத்துல வெட்டி எடுத்திருப்பேன்"னு நீங்க எழுதினதைப் படிச்சப்போ, பிப்ரவரில கூரியர்காரன் வந்துட்டுப் போன அன்னிக்கு நீங்க சொல்லியிருந்தா அவங்களும் இதைத்தானே செஞ்சிருப்பாங்கன்னு தோணுச்சு.

எப்படிச் சொல்றதுன்னு பெரிசா பிளான் போடாதீங்க. எக்செல் ஷீட், அடுத்த ஆறு மாச பட்ஜெட் எல்லாம் கையில எடுத்துக்கிட்டு போக வேண்டாம், அது மறுபடியும் மீட்டிங் ஆயிடும். பசங்க தூங்கினதும் அந்த ரூமைத் திறந்து அவங்களை உள்ள கூப்பிட்டு காலி டேபிளைக் காட்டுங்க, அதுக்கு மேல நீங்க ஒண்ணும் ஆரம்பிக்கவே வேண்டாம். அழுவாங்க, கோவப்படுவாங்க, வேலை போனதுக்கு இல்ல, மூணு மாசம் மறைச்சதுக்கு. நீங்க பதிலுக்கு 286 கதையை இழுக்காதீங்க. பசங்ககிட்ட எப்ப சொல்றதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணுங்க, பொண்ணுகிட்ட ரொம்பத் தள்ளிப் போடாதீங்க, காலேஜ் செலக்ட் பண்றவளுக்கு அது தெரியணும்.

ரேக் வாங்கறதை ஜூன் முடியற வரைக்கும் தள்ளி வைங்க, அதுவரைக்கும் மாமியார் அங்க படுக்கட்டும். ரிஃபாவை மாத்தாம அந்த பிபிசிக்கு கரண்ட் குடுக்காதீங்க, கதவைப் பூட்டிக்கிட்டு எதுக்குமே குடுக்காதீங்க. 15 வருஷமா பழைய போர்டு ரிப்பேர் பண்ணக் கத்துக்கிட்டது வெறும் பொழுதுபோக்கா, அதுல ஏதாவது பொழைப்பு இருக்கான்னு உங்க மனைவிகிட்டயே கேட்டுப் பாருங்க, டியூஷன் எடுத்து ஒரு சம்பாத்தியத்தை உண்டாக்கின பெண் அவங்க.

சொன்னதுக்கு அடுத்த நாள் காலைல 9:30 மணிக்கு உங்க வீட்ல மிக்ஸி ஓடுச்சான்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க.