பழைய தண்டனை இருந்தால் பத்து ஆண்டு சிறையா?

கேள்வி: என் தம்பி 2021-இல் இருசக்கர வாகனத் திருட்டு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்றான். அதன்பின் ஓர் அடிதடி வழக்கு சமரசத்தில் முடிந்தது. மற்றொரு திருட்டு வழக்கு நிலுவையில் உள்ளது. 2025-இல் கைப்பேசித் திருட்டுக்காகக் கைதாகியுள்ளான். ‘நாலு கேஸ் ஆயிடுச்சு, பத்து வருஷம் உறுதி’ என்று காவல் நிலையத்தில் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: வழக்குகளின் எண்ணிக்கையைக் கொண்டு தண்டனை கூடுவதில்லை, முன்பு நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்ப்பளித்ததா என்பதே கேள்வி. நிலுவையிலுள்ள வழக்கு அந்தக் கணக்கில் வராது. நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்கு விடுதலையின் விளைவு உண்டென்பதால் அடிதடி வழக்கும் வராது. எஞ்சுவது 2021-ஆம் ஆண்டுத் தண்டனை மட்டுமே.

பத்து ஆண்டு என்பது வெறும் மிரட்டல் என்றும் சொல்லிவிட முடியாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 13-ஆம் பிரிவு, மூன்று ஆண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கத்தக்க சொத்துக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர் அதே வகைக் குற்றத்தை மீண்டும் செய்தால், ஆயுள் சிறையோ பத்து ஆண்டு வரையிலான சிறையோ விதிக்க இடமளிக்கிறது. ஆனால் அது உச்ச வரம்பு. நடைமுறையில் உங்கள் தம்பி அஞ்ச வேண்டியது அதே சட்டத்தின் 303(2)-ஆம் பிரிவுக்குத்தான். திருட்டுக்காக இரண்டாம் முறை தண்டிக்கப்படுபவருக்குக் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஐந்தாண்டு கடுங்காவலும் அபராதமும் விதிக்க வேண்டும் என்கிறது அது.

இங்கே ஒரு வாதத்துக்கு இடமிருக்கிறது. அந்தக் கூடுதல் தண்டனை ‘இப்பிரிவின் கீழ்’ மறுமுறை தண்டிக்கப்படுபவருக்கு உரியது. உங்கள் தம்பி தண்டிக்கப்பட்டதோ பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 379-ஆம் பிரிவின் கீழ். அரசுத் தரப்பு எதிர்க்கும் என்றாலும், தண்டனைச் சட்டத்தின் சொற்களை விரித்துப் பொருள்கொள்ளலாகாது என்ற நெறியைக் காட்டி, இதை உங்கள் வழக்கறிஞர் எழுப்பியே ஆக வேண்டும்.

கூடுதல் தண்டனை கோருவதானால், முந்தைய தண்டனையின் விவரம், தேதி, இடம் ஆகியவை குற்றச்சாட்டில் இடம்பெற வேண்டும். விடுபட்டிருந்தால், தண்டனை விதிக்கும் முன் எந்தக் கட்டத்திலும் நீதிமன்றம் அதைச் சேர்க்கலாம். உங்கள் தம்பி மறுத்தால், சான்றளிக்கப்பட்ட ஆவணத்தாலும், அன்று தண்டிக்கப்பட்டவர் இவரே என்ற சாட்சியத்தாலும் அரசுத் தரப்பு அதை நிரூபிக்க வேண்டும்.

சென்றமுறை போல ‘ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும்’ என்று யாரேனும் சொன்னால், வழக்கறிஞரைக் கலக்காமல் இசைய வேண்டாம். புகார்தாரருடன் சமரசம் பேசுவதிலும் ஒரு தடை உண்டு: முந்தைய தண்டனையால் கூடுதல் தண்டனைக்கு உள்ளாகக்கூடியவரின் வழக்கைச் சமரசத்தில் முடிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. முதல் வேலையாக 2021 தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் செலுத்தி வழக்கறிஞர் வைக்க வசதியில்லையெனில், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கோரலாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு கிடையாது.