வால் சிறகு இல்லாத தேஜஸ்

கேள்வி: தேஜஸ் போர் விமானத்துக்குப் பின்னால் கிடைமட்ட வால் சிறகு இல்லையே, எப்படி நிலையாகப் பறக்கிறது? சினிமாவில் வரும் விண்வெளிப் போர் விமானங்கள் நிஜத்தில் அப்படிச் சாய்ந்து திரும்புமா?
– வாசகர், ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: தானாக நிலைத்துப் பறக்கும்படி தேஜஸை வடிவமைக்கவே இல்லை, அதுதான் அதன் பலம்! முக்கோண இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் மடிப்புகளே வாலின் வேலையையும் செய்கின்றன. கம்ப்யூட்டர் அவற்றை நொடிக்குப் பலமுறை திருத்திக்கொண்டே இருப்பதால் விமானம் கவிழாமலும் பறக்கிறது, விமானி நினைத்ததும் சட்டென்று திரும்பவும் செய்கிறது. 2001 ஜனவரி 4 அன்று உங்களுக்குப் பக்கத்தில், பெங்களூரில்தான் முதன்முதலில் பறந்தது, இன்றும் நினைத்தால் பெருமையாக இருக்கிறது. அப்புறம் அந்தச் சினிமா விமானங்கள்: விண்வெளியில் இறக்கையைத் தாங்கக் காற்றே கிடையாது, சாய்ந்தும் பயனில்லை, வாயுவைப் பீய்ச்சித்தான் திரும்ப வேண்டும்.