தீர்த்த எம்புலில் பித்ரு சாந்தியா? அந்தப் பேக்கேஜ் வேண்டாம்

கேள்வி: அப்பா தவறி எட்டு மாதம் ஆகிறது. அம்மா (67 வயது, முழங்கால் வலி), நான், கணவர், பத்து வயது மகள் நால்வரும் பாலி போகிறோம். "தீர்த்த எம்புல் கோயில், இந்திரன் செத்தவர்களை எழுப்பிய இடம். இறந்தவர்களுக்கென்றே அங்கே தனித் தாரை உண்டு, பித்ரு சாந்தி செய்து தருகிறோம்" என்று டூர் ஏஜென்ட் தலைக்கு 9,500 ரூபாய் கேட்கிறார். அம்மாவுக்கு மிகுந்த ஆசை. செய்யலாமா? நாங்களாகவே போனால் நீராட விடுவார்களா?
வாசகி, கோவை

பதில்: தாராளமாக நீராட விடுவார்கள். பேக்கேஜ் மட்டும் வேண்டாம். அப்பாவுக்கான காரியம் அந்தக் குளத்தில் நடக்காது, செய்து தருவதாக யார் சொன்னாலும்.

ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது எடுபடுகிறது. மயதெனாவா என்ற அரசன் தன் மக்களைக் கோயில் வழிபாடு செய்யவிடாமல் தடுத்தான். இந்திரன் படையோடு இறங்கினான். தோற்று ஓடிய மயதெனாவா, காலடித் தடம் தெரியாதபடி பாதத்தைச் சாய்த்துப் பக்கவாட்டில் நடந்து வந்து, ஒரு நஞ்சுச் சுனையை உண்டாக்கிவிட்டுப் போனான். தம்பாக்சிரிங் என்ற ஊர்ப்பெயருக்கே சாய்ந்த பாதம் என்றுதான் பொருள் சொல்கிறார்கள். அந்த நீரைக் குடித்து இந்திரனின் வீரர்கள் விழுந்தார்கள். இந்திரன் நிலத்தைக் குத்த, நல்ல நீர் பீறிட்டு வந்தது, வீரர்கள் எழுந்தார்கள். வீரர்கள் செத்தார்கள் என்று சொல்வதும் உண்டு, மயங்கினார்கள் என்று சொல்வதும் உண்டு. எப்படியானாலும் அது விஷத்தை முறித்து ஆளை எழுப்பிய நீர். மறுமைக்கு அனுப்பி வைத்த நீர் அல்ல. பத்தாம் நூற்றாண்டில், 962-ஆம் ஆண்டு வாக்கில், பாலியை ஆண்ட வர்மதேவ மரபினர் காலத்தில் அமைந்த கோயில் இது. இன்றும் பாலி மக்கள் அங்கே 'மெலுக்காட்' செய்யத்தான் வருகிறார்கள். உயிரோடு இருப்பவர் தன் மேலுள்ள தோஷத்தைக் கழுவிக்கொள்ளும் நீராடல் அது.

இனி அந்தத் தனித் தாரை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் விற்பனை முழுவதும் இதை வைத்துத்தான் நடக்கிறது. முதல் குளத்தில் வரிசையாக 13 தாரைகள். அவற்றில் இரண்டு இறுதிச் சடங்குகளுக்கானவை. இடமிருந்து எண்ணினால் 11, 12 என்பார்கள். குளிப்பவர்கள் அந்த இரண்டையும் விட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்வார்கள். அது நீராடும் தாரை அல்ல. இறந்தவரின் குடும்பம் தன் வீட்டுச் சடங்குக்கு நீர் எடுத்துப் போகும் தாரை. பாலியில் ஒருவர் இறந்தால் ஙாபென் என்ற தகனச் சடங்கு நடக்கும். சாம்பல் கடலிலோ ஆற்றிலோ கரைக்கப்படும். பிறகு மெமுக்கூர் என்ற சடங்கு. அதற்கும் பிறகுதான் அந்த ஆன்மா வீட்டுக் கோயிலில் மூதாதையாக அமர்த்தப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் தீர்த்தம் வேண்டும். பாலி இந்து மதத்துக்கே ஒரு காலத்தில் ஆகம தீர்த்தா, அதாவது தீர்த்த மதம் என்று பெயர் இருந்தது. ஆனால் அந்தத் தீர்த்தத்தை இன்ன இறந்தவருக்கு என்று மந்திரித்துத் தருபவர் பெடண்டா எனப்படும் பிராமண குரு. வெறும் நீர் அந்த வேலையைச் செய்யாது. உங்கள் அப்பாவுக்கு ஙாபென் நடக்கவில்லை, பாலியில் அவருக்கு வீட்டுக் கோயிலும் இல்லை. எந்தச் சடங்கின் எந்தக் கட்டத்துக்கு அந்த நீர்? இந்தக் கேள்வியை ஏஜென்டிடம் அப்படியே கேளுங்கள், பதில் வராது. அம்மாவை அந்தத் தாரையின் கீழே நிற்க வைத்தால், அங்குள்ளவர்கள் கண்ணில் அது நல்ல சகுனமும் அல்ல.

அப்பாவுக்கு வருஷாப்திகம் இன்னும் வரவில்லை. மாசிகமும் தர்ப்பணமும் உங்கள் வீட்டு வாத்தியார் சொல்படி ஊரிலேயே நடக்கட்டும். வருஷம் திரும்புமுன் தூரத்துக் கோயிலுக்குப் போகலாமா என்று அம்மா தயங்கினால் அதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். எட்டு மாதம் ஆனதால் பாலிக்காரர் தரப்பில் தடை ஏதும் இருக்காது.

9,500 ரூபாய்க்கு என்ன கிடைக்கும்? ஒரு கார், நுழைவுச்சீட்டு, வாடகைச் சாரோங் (இடுப்பில் சுற்றிக் கட்டும் துணி), ஒரு பூத்தட்டு, வெள்ளை உடுத்திய ஒருவர் சொல்லும் நாலு மந்திரம். வெள்ளை உடுத்தியவரெல்லாம் பெமங்கு, அதாவது கோயில் பூசாரி அல்ல. உண்மையான பெமங்கு விலைப்பட்டியல் வைத்திருக்க மாட்டார். பூத்தட்டின் மேல் வைக்கும் செசாரி என்ற காணிக்கை உங்கள் விருப்பம். நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவருக்கு 75,000 ரூபியா, நம் கணக்கில் சுமார் 400 ரூபாய். கவுன்டர் பலகையில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கட்டணம். "தோஷம் இருக்கிறது, கூடுதல் பூஜை வேண்டும்" என்று குளக்கரையில் எவராவது ஆரம்பித்தால் கைகூப்பிவிட்டு நகருங்கள்.

இந்த வியாபாரம் தழைப்பதற்கு அரசின் ஏற்பாடும் ஒரு காரணம். விசாவுக்கு 500,000 ரூபியா ஓரிடத்தில், 2024 பிப்ரவரியிலிருந்து வந்திருக்கும் சுற்றுலா வரி 150,000 ரூபியா 'லவ் பாலி' என்ற வேறொரு தளத்தில், கோயில் சீட்டு இன்னோரிடத்தில். ஒரே படிவத்தில் முடிக்க வேண்டியதை மூன்றாகப் பிரித்து வைத்தால் நடுவில் ஆள் நுழையத்தான் செய்வான். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் போலித் தளமோ கமிஷன் தளமோதான். இந்தோனேசிய அரசின் தள முகவரி 'கோ டாட் ஐடி' (go.id) என்று முடியும். அப்படி முடியாத எந்தப் பக்கத்திலும் கார்டு எண்ணைக் கொடுக்காதீர்கள்.

இனி நீராடும் முறை. கோயில் திறந்ததும் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் குளத்தில் வரிசை நிற்கும், பௌர்ணமியன்று காலையிலேயே நிற்கும். நடந்து பார்ப்பதற்குக் கட்டும் சாரோங் வேறு, குளத்தில் இறங்கக் கட்டும் சாரோங் வேறு. இரண்டாவதைத் தனியாக வாடகைக்கு எடுக்க வேண்டும், பெரும்பாலும் பச்சை நிறம். உள்ளே டீ-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையும் போட்டுக்கொண்டு அதன் மேல் கட்டுங்கள். சானாங் சாரி என்ற சிறு ஓலைத்தட்டில் கிழக்கே வெள்ளை, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம் அல்லது பச்சை என்று பூ வைத்திருக்கும். அதை வைத்து ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டு இறங்குங்கள். கற்பூரம் கொண்டுபோக வேண்டாம், தேங்காய் உடைக்க வேண்டாம். அங்கே அந்த வழக்கம் இல்லை.

இடது ஓரத்தில் தொடங்குங்கள். ஒவ்வொரு தாரையின் முன்னும் கைகூப்பி, மூன்று முறை முகம் கழுவி, மூன்று முறை வாய் கொப்பளித்து, பிறகு தலையைத் தாரையில் கொடுங்கள். தண்ணீரை விழுங்காதீர்கள். ஊற்று சுத்தம்தான்; ஆனால் நாளெல்லாம் நூற்றுக்கணக்கானோர் இறங்கும் குளம். எந்தத் தாரையை விட வேண்டும் என்பதற்கு எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், முன்னால் போகும் பாலிக் குடும்பம் விடுவதை நீங்களும் விடுங்கள்.

அம்மா இறங்காமல் இருப்பதே நல்லது. தண்ணீர் இடுப்புக்கு மேல் வரும், சில்லென்று இருக்கும், கல்தரை வழுக்கும், வரிசையில் வெகுநேரம் நனைந்தபடி நிற்க வேண்டும். முழங்கால் வலிக்கு இதைவிடக் கெடுதல் வேண்டாம். இதனால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது, ஏனென்றால் உள்முற்றமான ஜெரோவனில் வழிபாடு முடிந்ததும் பெமங்கு தீர்த்தம் தருவார். அங்கே போக எல்லாரும் உலர்ந்த உடைக்கு மாறியாக வேண்டும். ஈரத்தோடு உள்ளே விடமாட்டார்கள்.

2025 மார்ச்சில் பாலி ஆளுநர் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கோயிலின் உட்பகுதிகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் போகக்கூடாது. வழிபட வருபவர், பாலி மரபு உடையில் போகலாம். மாதவிலக்கில் இருப்பவர் போகக்கூடாது. உங்கள் கணவர் நம்மூர்ப் பழக்கத்தில் சட்டையைக் கழற்றிவிடப் போகிறார். அங்கே சட்டை வேண்டும், கீழே சாரோங், இடுப்பில் செலெந்தாங் என்ற கச்சை. தலையில் உடெங் என்ற தலைத்துணி கட்டினால் இன்னும் நல்லது. அம்மா சேலையில் வந்தாலும் அதன் மேல் கச்சை கட்ட வேண்டும்; சாரோங்கும் வேண்டுமா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே மூலவரைத் தேடி அம்மா ஏமாறாமல் முன்பே சொல்லி வையுங்கள். பாலிக் கோயிலில் நம்மைப் போல் கருவறைத் தரிசனம் கிடையாது. பீடம் வெறுமையாக இருக்கும், தெய்வம் இறங்கிவந்து அமர்வதற்கான இருக்கை அது. தரையில் அமர்ந்து ஐந்து முறை கைகூப்புவார்கள்: முதலில் வெறுங்கை, அடுத்தது சூரியனுக்குப் பூவோடு, மூன்றாவது அந்தக் கோயில் தெய்வத்துக்கு, நான்காவது அருள் வேண்டி, கடைசியில் மீண்டும் வெறுங்கை. பிறகு பெமங்கு தீர்த்தம் தெளித்து, மூன்று முறை உள்ளங்கையில் ஊற்றுவார். கொஞ்சம் ஈர அரிசி தருவார்; அதை நெற்றியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். உள்ளூர்க்காரர்கள் திரிசந்தியா என்ற பிரார்த்தனையைச் சொல்வது காதில் விழுந்தால் அம்மாவுக்கு உடனே பிடிபடும், அதன் முதல் பகுதியே காயத்ரி. அப்பாவை அவர் மனதில் நினைத்துக்கொள்வதென்றால் அந்த நான்காவது கும்பிடு பொருத்தம். அதற்குத் தாரையும் வேண்டாம், புரோக்கரும் வேண்டாம்.

ஏஜென்டிடம் காரும் டிரைவரும் மட்டும் கேளுங்கள். "பூஜை இல்லாமல் தனிக் கார் தரமாட்டோம்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். உபுத் என்ற ஊரில் தங்கினால் தம்பாக்சிரிங் பக்கம்தான், அரை நாள் வண்டி போதும்.