எம்எம்பி-9 கெட்டுப்போகவில்லை, தூங்குகிறது

ஜெலாட்டினை வெட்டும் நொதியான எம்எம்பி-9, ஜெலாட்டின் ஜைமோகிராமில் (நொதி ஜெலாட்டினைக் கடித்த இடம் பட்டையாகத் தெரியும் ஜெல் சோதனை) 92 கிலோடால்டனில் பளிச்சென்று பட்டை தருகிறது, ஒளிர்வுச் சோதனையில் (நொதி வெட்ட வெட்ட ஒளி கூடும்) மட்டும் கோடு தரையோடு கிடக்கிறது, நொதி கெட்டுப்போனதா என்று கேட்டிருக்கிறீர்கள். கெட்டிருக்காது. 92 என்பதே முன்வடிவத்தின், அதாவது இன்னும் செயல்படத் தொடங்காத நொதியின், எடை. அதன் முன்பகுதியில் உள்ள சிஸ்டீன் என்ற ஓர் அமினோ அமிலம், செயல்மையத்துத் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு வாயை அடைத்து வைத்திருக்கும். ஜெல்லில் உள்ள எஸ்டிஎஸ் என்ற சோப்பு போன்ற பொருள் அந்தப் பிடியைத் தளர்த்திவிடும், அதனால் அங்கே மட்டும் ஜெலாட்டினைக் கடிக்கிறது.

குழாயில் அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்: 1 மில்லிமோலார் ஏபிஎம்ஏ (அந்தப் பிடியை விடுவிக்கும் வேதிப்பொருள்), 37 டிகிரி செல்சியஸ், 24 மணி நேரம். இதன் உறவு நொதியான எம்எம்பி-2வுக்கு ஒரு மணி நேரம் போதும். அதே கணக்கை இதற்கும் போட்டு ஏமாந்தவன் நான். ஏபிஎம்ஏ பாதரசச் சேர்மம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கழிவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

அப்புறம் தாங்கல் கரைசல், அதாவது பிஎச் மாறாமல் காக்கும் கரைசல். ட்ரிஸ், பிஎச் 7.5, 10 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு. பாஸ்பேட் வேண்டாம், கால்சியம் வீழ்படிவாகிவிடும். ஈடிடிஏ கூடவே கூடாது, நொதிக்கு வேண்டிய உலோக அயனிகளை அது பிடித்துக்கொள்ளும்.

சரி, நொதி விழித்ததா என்று எப்படித் தெரியும்? கொஞ்சம் எடுத்து ஜெல்லில் ஓட்டுங்கள். பட்டை 82 பக்கம் இறங்கியிருக்க வேண்டும்.