மேகத்துக்கு அடியில்

அன்புள்ள ஐயா,

நான் இயற்பியல் மாணவி. புயல் நாட்களில் விடியவிடிய செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பத்து நிமிடத்துக்கு ஒன்றாகத் துல்லியமான அகச்சிவப்புப் படம் கிடைக்கிறது. கட்டம் கட்டமாக, பாதிப் புயல் வெட்டுப்பட்டு, தாமதமாக வரும் நுண்ணலைப் படங்களை ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்? செயற்கை நுண்ணறிவு புயலைக் கணிக்கும் காலத்தில் இதைப் படிப்பது வீண்தானோ? எந்த மென்பொருளில் தொடங்கலாம்?

நந்தினி

அன்புள்ள நந்தினி,

ஒரு புயலோடு விடியவிடிய விழித்திருக்கும் மனம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் 'துல்லியமான' என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. எதில் துல்லியம்? இரவெல்லாம் நீங்கள் பார்த்தது மேகத்தின் உச்சியை மட்டும்தான்.

நுண்ணலைப் படம் ஏன் கட்டம் கட்டமாக இருக்கிறது என்று யோசித்தீர்களா? இயற்பியல் படிப்பவர் யோசித்திருக்க வேண்டும். நுண்ணலையில், 6.9 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் நான்கு சென்டிமீட்டருக்கு மேல். அகச்சிவப்பில் அது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அலை நீளமானால் அதே ஆன்டெனா பார்க்கும் புள்ளியும் பெரிதாகும். 2012இல் ஏவப்பட்ட ஜப்பானின் ஆம்சர்-2 என்ற நுண்ணலைக் கருவிக்கு 2 மீட்டர் ஆன்டெனா. 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அந்த அலைவரிசையில் அதற்கு ஒரு புள்ளி என்பது 35க்கு 62 கிலோமீட்டர் கடல். படத்தை மங்கலாக்கும் அந்த நீண்ட அலைதான் மேகத்தைக் கடந்தும் வருகிறது. மங்கல் வேண்டாம் என்றால் மேகத்துக்கு அடியில் பார்ப்பதும் இல்லை.

ஒரு புயலின் 89 கிகாஹெர்ட்ஸ் தரவை முதன்முதலாக எண்களாகவே விரித்துப் பார்த்த இரவு நினைவுக்கு வருகிறது. அகச்சிவப்பில் அது கண்ணே இல்லாத வெள்ளை வட்டம். திரையில் விரலை வைத்து ஒரு வரிசையைப் படித்துக்கொண்டே போனேன். 262, 240, 197, 174. சட்டென்று 255. மறுபடி 181. எல்லாம் கெல்வின், மேலே வந்துசேரும் கதிர்வீச்சை வெப்பநிலையாகச் சொல்லும் எண்கள். மேலேயுள்ள பனித்துகள்கள் கீழிருந்து வரும் கதிர்வீச்சைச் சிதறடிக்கும் இடத்தில் எண் சரியும். நடுவில் ஏறிய 255தான் புயலின் கண். மேகத்துக்கு அடியில் கண்ணைச் சுற்றிய வளையம் ஏற்கனவே உருவாகியிருந்தது. அகச்சிவப்பில் கண் தெரிந்தது மறுநாள்தான்.

உங்கள் கடிதத்தில் கடலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புயலுக்குத் தீனியே அங்கிருந்துதானே? 1998 ஆகஸ்டில் அட்லாண்டிக்கில் போனி என்ற புயல் கடலைக் கலக்கிவிட்டுப் போனது. அடியிலிருந்த குளிர்நீர் மேலே வந்தது. டிரிம் செயற்கைக்கோளின் நுண்ணலைக் கருவி மேகத்தை ஊடுருவி அந்தக் குளிர்ந்த தடத்தைக் காட்டியது. சில நாள் கழித்துப் பின்னால் வந்த டேனியெல், அந்தத் தடத்தைக் கடந்தபோது வலுவிழந்தது. மேகத்தின் உச்சியை எவ்வளவு கூர்மையாகப் படமெடுத்தாலும் இது தெரிந்திருக்குமா?

செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் பயின்ற மறுபகுப்பாய்வுத் தரவுகளுக்குள் (பழைய அளவீடுகளைக் கணினி மாதிரியோடு சேர்த்துத் திரும்பக் கட்டிய வானிலைப் பதிவுகள் அவை) இந்த நுண்ணலை அளவீடுகளும்தான் இருக்கின்றன. அதைப் பற்றி இவ்வளவு போதும். மென்பொருள் எதுவானாலும் சரி.

வண்ணப்படத்தில் மட்டும் தொடங்காதீர்கள். எண்களை எடுங்கள், கருவி கடந்துபோன நேரத்தைப் பக்கத்தில் குறியுங்கள். கருவி பார்க்காத பட்டையை வெறுமையாகவே விடுங்கள். கனமழை பெய்யும் இடத்தில் கடல் வெப்பநிலை கிடைக்காது. மழைத்துளிகளே கதிர்வீசிக் கணக்கைக் கெடுத்துவிடும், அந்தப் புள்ளிகளை நீக்க வேண்டும். டேனியெல் கடந்த நாட்களின் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. அதை முதலில் எடுத்துப் பாருங்கள்.