ஏஎல் (உயர்தரம்) படிச்சிட்டும் பெடியளுக்கு ஏன் டக்கெண்டு வேலை கிடைக்குதில்லை?

படிப்பு குறைவெண்டு இல்லை, படிப்பும் வேலையும் ரெண்டு தனி ரோட்டில போகுது, அதுதான் பிரச்சினை. எங்கட யாழ்ப்பாணத்தில ஆறாம் வகுப்பிலயே ரியூசன் தொடங்கி ஏஎல் வரைக்கும் ஓடுறது கம்பஸ் (பல்கலைக்கழகம்) கிடைக்கவேணும் எண்ட ஒரே குறியோட. ஆனா கம்பஸ் இடங்கள் 40 வீதம் முழு நாட்டுக்கும் இசட் ஸ்கோர் (ஏஎல் மார்க்ஸை வச்சுக் கணிக்கிற தரப்புள்ளி) பாத்து, 55 வீதம் மாவட்டக் கோட்டா, மிச்சம் 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு எண்டு பிரிச்சு முடிய, பாஸ் பண்ணின கனபேர் வெளியில நிப்பினம். அவைக்கு அடுத்து என்ன எண்டு பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் சொல்லித் தாறேல்லை.

சரி, கம்பஸ் போனவை? கலைப்பீடத்தால வாறவையில கனபேர் அரச நியமனம் வரும்வரை பாத்துக்கொண்டு இருக்கினம். வீட்டாக்களும் பிரைவேட் வேலைக்கு விடமாட்டினம், கலியாணம் பேசேக்க 'அரசாங்க உத்தியோகமோ' எண்டுதானே கேக்கிறது.

என்விகியூ (NVQ, தேசிய தொழிற்தகைமை) எண்டால் இன்னும் 'படிக்காத பிள்ளையின்ர கோர்ஸ்' மாதிரிப் பாக்கினம். அதில மொத்தம் 7 லெவல், 5ம் 6ம் டிப்ளோமா, 7 டிகிரிக்குச் சமன், அது கன அம்மா அப்பாவுக்குத் தெரியாது. கிளிநொச்சி அறிவியல் நகரில இருக்கிற இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் (SLGTI) மாதிரி இடங்களில படிக்கேக்கயே வேர்க்‌ஷொப் பழக்கம் வரும், கொம்பனிக்காரன் முதல் கேக்கிறதும் அந்த அனுபவத்தைத்தான்.

என்னைக் கேட்டால் றிசல்ட்ஸ் வரும்வரைக்கும் இருக்கிற அந்த மாசங்களில சும்மா இருக்காமல் இங்கிலீசும் ஒரு கைத்தொழிலும் பழகுங்கோ, சிங்களமும் கொஞ்சம் கதைக்கத் தெரிஞ்சால் கொழும்பில வேலை தேடேக்க நல்லா உதவும்.