பெரியப்பா 'ஃபேமிலி' ஆக மாட்டாரா?

"பெரியப்பா தவறிட்டார்னு லீவு கேட்டேன், அவர் இம்மீடியட் ஃபேமிலி இல்லைன்னு எச்.ஆர்.ல சொல்லிட்டாங்க. பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) படிவத்துல ஃபேமிலி மெம்பர்ஸ்னு இருக்கிற இடத்துல அப்பா அம்மா பேரை எழுதலாமா? இந்தச் சொல்லுக்கு இங்க என்னதான் அர்த்தம்?" என்று டொரன்டோவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி கேட்டிருக்கிறீர்கள்.

பெரியப்பா போன துக்கத்தில் இதையும் கேட்க நேர்ந்தது வருத்தமாக இருக்கிறது, தம்பி. இங்கே அந்தச் சொல் பேச்சில் விரியும், காகிதத்தில் சுருங்கும். அதிலும் ஒவ்வொரு காகிதத்துக்கும் ஓர் அளவு. நம் ஊர் வழக்கை மனதில் வைத்துக்கொண்டு எந்தப் படிவத்தையும் நிரப்பாதீர்கள். அந்தப் படிவத்தோடு வரும் வழிகாட்டியில் ஃபேமிலி மெம்பர் என்றால் யார் என்று எழுதியிருப்பதை முதலில் படியுங்கள்.

முதலில் லீவு. டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் சட்டப்படி இரண்டு வாரம் வேலை பார்த்திருந்தாலே துக்க விடுப்பு உண்டு. ஆனால் வருடத்துக்கு 2 நாள்தான், அதற்கும் சம்பளம் கிடையாது. கணவன் அல்லது மனைவி, இரு பக்கத்துப் பெற்றோர், பிள்ளைகள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள், மருமகன் மருமகள், கூடப்பிறந்தவர்கள் வரை பட்டியலில் இருக்கிறார்கள். பெரியப்பா, சித்தி, மாமா, அத்தை இல்லை. உங்கள் பராமரிப்பை நம்பியிருந்த உறவினர் என்றால் மட்டும் விதிவிலக்கு. வங்கி, விமானம், தொலைத்தொடர்பு போன்ற துறைகளுக்கு மத்திய அரசின் சட்டம் பொருந்தும். அங்கே 10 நாள் வரை எடுக்கலாம். மூன்று மாதம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் முதல் 3 நாளுக்குச் சம்பளமும் உண்டு. உங்களோடு ஒரே வீட்டில் நிரந்தரமாக வசிக்கும் எந்த உறவினரும் அந்தக் கணக்கில் வருவார். லத்தீனில் 'ஃபமிலியா' என்ற மூலச்சொல் வீட்டு வேலையாட்கள் உட்பட ஒரு கூரையின் கீழ் இருந்த எல்லோரையும் குறித்தது. அந்தப் பழைய அர்த்தத்தின் சாயல் இந்த விதியில் தெரிகிறது.

சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தான். கம்பெனியின் கையேடு கூடுதலாகக் கொடுக்கலாம், அதைப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் ஆண்டு விடுப்பில் கேளுங்கள். கேட்கும்போது வெறும் 'அங்கிள்' என்று எழுதாதீர்கள். பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை கணவர் எல்லோரும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுவதால் படிப்பவருக்கு நெருக்கம் தெரியாது. 'மை ஃபாதர்ஸ் எல்டர் பிரதர்' என்று எழுதுங்கள்.

இனி பி.ஆர். விண்ணப்பம். இமிகிரேஷன் அகராதியில் ஃபேமிலி மெம்பர் என்றால் கணவன் அல்லது மனைவி, குறைந்தது ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்த துணை, உங்களைச் சார்ந்த பிள்ளை, அந்தப் பிள்ளையின் பிள்ளை. பிள்ளைக்கு 22 வயது நிரம்பியிருக்கக் கூடாது, மணமாகியிருக்கவும் கூடாது. உடல், மனக் குறைபாட்டால் 22க்கு முன்பிருந்தே உங்களை நம்பியிருப்பவருக்கு மட்டும் வயது தடையில்லை. ஆகவே பிரதான படிவத்தில் அப்பா அம்மா வரமாட்டார்கள். ஆனால் 5406 என்று எண்ணிட்ட இன்னொரு படிவம் உண்டு. அதன் தலைப்பிலும் ஃபேமிலி இருக்கிறது, அதில் பெற்றோரையும் கூடப்பிறந்தவர்கள் அனைவரையும் கேட்பார்கள். இறந்துபோனவர்களையும் விடாமல், எங்கே எப்போது இறந்தார்கள் என்று எழுத வேண்டும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. மனைவி இப்போதைக்குத் திருச்சியில்தான் இருக்கப்போகிறார் என்பதால் அவர் பெயரை எழுதாமல் விட்டுவிடுவார்கள். கூடவே கூடாது. 'உடன் வரவில்லை' என்று குறித்து, மருத்துவப் பரிசோதனையையும் செய்துவிட வேண்டும். இல்லையென்றால் பின்னால் ஸ்பான்சர் செய்யவே முடியாமல் போகலாம். விண்ணப்பம் போட்டபின் கல்யாணம் ஆனாலோ குழந்தை பிறந்தாலோ, பி.ஆர். உறுதியாவதற்கு முன்பே தெரிவித்துவிடுங்கள்.

அடுத்தது 'கசின் பிரதர்'. பெரியப்பா மகனை நாம் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம். இங்கே 'பிரதர்' என்றால் இருவருக்கும் அப்பாவோ அம்மாவோ ஒருவராவது ஒரே ஆளாக இருக்க வேண்டும். தத்து, மறுமண உறவும் சேரும். புள்ளி போட்டு பி.ஆருக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் கனடாவில் வசிக்கும் கூடப்பிறந்தவருக்கு 15 புள்ளி உண்டு. அவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், பி.ஆரோ குடியுரிமையோ இருக்க வேண்டும். பெரியப்பா மகனைக் காட்டி அந்தப் புள்ளியை எடுத்தால் தவறான தகவல் ஆகிவிடும், 5 வருடத் தடை வரை போகும். பாசத்தில் சொன்ன சொல் என்று அதிகாரியிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

'ஃபேமிலி நேம்' என்ற கட்டம் நம்மைப் போல இனிஷியல் மட்டும் வைத்திருப்பவர்களைத் திணறடிக்கும். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால், இமிகிரேஷன் படிவத்தில் உங்கள் பெயர் முழுவதையும் ஃபேமிலி நேம் கட்டத்தில் எழுதி, 'கிவன் நேம்' கட்டத்தைக் காலியாக விடுவதுதான் முறை. நீங்களாக அப்பா பெயரைக் கொண்டுபோய் வைத்தால் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாது.

பணம் சம்பந்தமாக வரும்போது சொல் இன்னும் குறுகும். குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகையைக் கணக்கிட எடுக்கும் 'ஃபேமிலி இன்கம்' உங்கள் வருமானமும் மனைவி வருமானமும்தான். கூடவே தங்கியிருக்கும் அப்பாவின் ஓய்வூதியம் அதில் சேராது.

பேச்சில் நிலைமை வேறு. "டூ யூ ஹேவ் ஃபேமிலி ஹியர்?" என்றால் இந்த ஊரில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்று அர்த்தம்; அங்கே பெரியப்பா மகனைத் தாராளமாகச் சொல்லலாம். 'ஸ்டார்ட் எ ஃபேமிலி' என்றால் கல்யாணம் அல்ல, குழந்தை பெற்றுக்கொள்வது. நம் ஊரில் "ஃபேமிலி ஊர்ல இருக்கு" என்றால் மனைவி என்று புரியும். இங்கே புரியாது, 'வைஃப்' என்றே சொல்லுங்கள். 'மை ஃபேமிலீஸ்' என்று பன்மை போட்டால் உங்களுக்குப் பல குடும்பங்கள் இருப்பதாக ஆகிவிடும்.

திரும்ப வேலைக்குப் போகும்போது யாராவது "வேர் யூ குளோஸ்?" (அவரோடு நெருக்கமா?) என்று கேட்பார்கள். துருவுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். அங்கிள் என்ற சொல்லிலிருந்து அவர்களுக்கு எதுவும் தெரியாததால்தான் கேட்கிறார்கள். "ஹி வாஸ் லைக் எ செகண்ட் ஃபாதர் டு மீ" என்று சொல்லுங்கள். புரிந்துகொள்வார்கள்.